பொம்மைக் காருக்கு நம்பர் எழுதுதல்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாலைவனமாகிவிடும். பழைய போர்வை ஒன்றை டீத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து அதன் மேல் விரித்திருப்போம். மாத்திரை வந்த அட்டைப்பெட்டிகள்தான் இடிந்த கட்டடங்கள். காபி ஃபில்டரில் மிஞ்சும் சக்கையைக் காயவைத்துத் தூவினால் அசல் மண் தோற்றுப்போகும். அதன் மேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மெட்டல் கார்கள், கூரையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று துரத்தும். உலகம் அழிந்துபோய், மிச்சம் இருப்பவர்கள் பெட்ரோலுக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது கதை. பகடை உருட்ட வேண்டும், தையற்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பால் அளந்து வண்டியை நகர்த்த வேண்டும், சுட வேண்டும். எனக்கு வயது அறுபத்து மூன்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் சாயங்காலம் பொம்மை லாரியை வைத்து, கட்டின புருஷனின் காரை இடித்துத் தள்ளுகிறாள் என்று சொன்னால் பக்கத்து ஃபிளாட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் சொல்லிக்கொள்வதில்லை.

இது எங்கள் பையன் ஏற்றிவிட்ட பைத்தியம். ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது பரணைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அவனுடைய பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே அவன் சின்ன வயதில் விளையாடிய கார்கள், பெயிண்ட் உரிந்து, சக்கரம் கோணி, நாற்பது ஐம்பது இருக்கும். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அங்கே அவனும் அவன் நண்பர்களும் இந்த மாதிரிக் கார்களுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துச் சண்டை விளையாடுகிறார்களாம். மறுநாளே விதிமுறைகளை அச்செடுத்துக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தான். பத்து நாளில் அவன் ஊருக்குப் போய்விட்டான். விளையாட்டு மட்டும் போகவில்லை. ஜன்னல் திரைக் கம்பியில் போனைத் தலைகீழாகக் கட்டி மேஜையைக் காட்டுவோம். அவனுக்கு அங்கே மத்தியான வேளை. "அம்மா, என் வண்டிய இடது பக்கம் ஆறு இன்ச்" என்பான். நான் நகர்த்துவேன். "அது அஞ்சரைதாம்மா" என்பான். இத்தனை தூரத்திலிருந்து என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

விளையாட்டு என்னுடையது, பெயிண்ட் அவருடையது. என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம். ரயில் பெட்டி முழுக்கப் பெயிண்ட் அடிப்பதல்ல அவர் வேலை. அடித்து முடித்த பெட்டியின் மேல் எழுத்தும் நம்பரும் எழுதுவதுதான். பிறகு ஸ்டென்சில் வந்தது, ஸ்டிக்கர் வந்தது, ஆனாலும் எங்கேயாவது கையால் எழுத வேண்டி வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் எங்களை வண்டியில் ஏற்றிவிட்டு இவர் பிளாட்பாரத்தில் நின்று பெட்டியில் உள்ள எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். வண்டி கிளம்பிய பிறகு ஓடி வந்து ஏறியதும் உண்டு. அதற்காக நான் போட்ட சண்டைகள் தனிக் கதை.

காந்தி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடைகளில் தேடி இன்னும் கொஞ்சம் கார்கள் சேர்ந்தன. அவற்றுக்கு அவர் செய்கிற வேலையைப் பார்த்தால் நிஜப் பெட்டிக்குச் செய்தது இதுதான் என்று புரியும். முதலில் அடியில் இருக்கும் இரண்டு குமிழ் ஆணிகளைத் துளைபோட்டு எடுத்து வண்டியைப் பிரிப்பார். பழைய பெயிண்ட்டை ரிமூவரில் ஊறவைத்துப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் உரிப்பார். மொட்டை மாடியில் காவிரிக் காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே சாம்பல் நிறத்தில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்துவிடுவார். அப்புறம் நிறம், அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, பழுப்பைத் தொட்டுத் தொட்டு ஒற்றினால் துரு. தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டினால் துப்பாக்கிக் குழல். எல்லாம் முடிந்த பிறகு கதவில் நம்பரும் பெயரும். என் லாரிக்கு 'மாமியார்' என்று எழுதச் சொன்னேன். கேள்வி கேட்காமல் எழுதினார். என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள், நல்ல மனுஷி.

அந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிசி அளவு எழுத்து. நிற்கிற கோடு தடித்து, படுக்கிற கோடு மெலிந்து, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கும். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுப்பார். அந்த நேரம் நான் குக்கர்கூட வைக்க மாட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் காபி டம்ளர் டவராவில் படபடவென்று தட்டுவது கேட்டது. நான் திரும்பிப் பார்த்ததும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு நம்பரை மூன்று தடவை துடைத்துத் துடைத்து எழுதினார். பிரஷ் சரியில்லை என்றார். புதுப் பிரஷ் வந்தது. வெளிச்சம் சரியில்லை என்றார். விளக்கு வந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றபோது நான், "எழுந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றேன். வந்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் என் டீச்சர் குரல் வந்துவிட்டால் எழுந்துவிடுவார்.

பயப்படுகிற வியாதி இல்லை, சிலருக்கு வயசானால் வருகிற நடுக்கம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். பாதி குறையும், பாதி இருக்கும் என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது காவிரிப் பாலம் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். "பையன்கிட்ட சொல்லாதே டீச்சர்" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஏன் சொல்லக் கூடாது?"

"டிக்கெட் போட்டுக் கிளம்பிடுவான். வேலைல இப்பதான் நிலைச்சிருக்கான். கை நடுங்கறதுக்கெல்லாம் யாராவது கடல் தாண்டி வருவாங்களா?"

சரி என்றேன். சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் பையன் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேமராவில் கார்களைப் பார்க்கிறானே. எழுத்து கோணினால் அவன் கண்ணில் படாதா? அதோடு இன்னொன்றும் இருந்தது. இவர் எழுதி முடித்த வண்டியைக் கையில் வைத்துப் பார்க்கிற முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பரீட்சைப் பேப்பரைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தை ஆரம்பித்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் ஒரு மணி நேரம் படுப்பார். கதவைச் சாத்திவிட்டு வந்து, காலையில் அவர் எழுதிய வண்டியை எடுத்துக்கொள்வேன். நடுங்கிய கோட்டின் ஓரத்தைக் கதவின் நிறத்தாலேயே பல்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு நேராக்குவேன். குறைந்த இடத்தில் கருப்பை நிரப்புவேன். முப்பது வருஷம் நாலுகோடு நோட்டில் சிவப்பு மையால் திருத்தினவள். கோணலாக ஒரு எழுத்து கண் முன்னால் இருந்தால் கை சும்மா இருக்காது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாலு மாதத்தில் ஒன்பது வண்டிகள். அவர் சாயங்காலம் எழுந்து வந்து வண்டியைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரியவில்லை, மாத்திரைதான் கையைச் சரியாக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டு பாதியில் இருந்தது. இவருடைய ஏழாம் நம்பர் கார் என் லாரியை மூலையில் மடக்கிவிட்டது, இன்னொரு பகடை விழுந்தால் 'மாமியார்' காலி. அப்போது பையன், "அப்பா, அந்த ஏழாம் நம்பரக் கொஞ்சம் கேமரா கிட்ட காட்டுங்களேன்" என்றான். நான் முந்திக்கொண்டு காட்டினேன்.

"சூப்பர்ப்பா! உங்க எழுத்து முன்னவிட இப்பதான் ரொம்ப அழகா இருக்கு. அச்சடிச்ச மாதிரி இருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி இவரைப் பார்த்தேன். "ம்" என்றார். பகடையை எடுத்து உருட்டினார். என் லாரியைச் சுட வேண்டியவர் தன் காரை நேராக ஓட்டிக்கொண்டு போய் மேஜையின் விளிம்புக்கு வெளியே நிறுத்தினார். விளிம்பைத் தாண்டினால் ஆட்டம் அவுட். "அப்பா, என்ன பண்றீங்க?" என்று அவன் கத்தினான். "கவனிக்கலடா" என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பிரஷ்களை எல்லாம் கழுவி, அவற்றின் முடியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் வைத்து மூடினார். நீண்ட நாள் எடுக்கப்போகாத பிரஷ்ஷுக்குத்தான் எண்ணெய் தடவுவார்கள். ரிடையர் ஆன அன்றைக்கு அப்படித் தடவினார், நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் அந்த டப்பா அலமாரியை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி என்று படுத்துக்கொண்டார். நானும் பையனும் மட்டும் விளையாடினோம். அவர் இல்லாமல் ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை.

இனிமேல் அவர் பிரஷ்ஷைத் தொட மாட்டாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கை நடுங்கினாலும் காலையில் எழுந்ததும் அவருக்குப் போய் உட்கார ஒரு இடம் இருந்தது. அதை நானே பிடுங்கிவிட்டேனோ? மூன்றாவது வாரம் காபியை முன்னால் வைத்துவிட்டுப் போட்டு உடைத்தேன்.

"அந்த எழுத்தையெல்லாம் நான்தான் திருத்தினேன்."

"தெரியும்" என்றார்.

"எப்போலேருந்து?"

"மொத வண்டிலேருந்து. நான் கருப்புல ஒரு சொட்டு நீலம் கலந்துதான் எழுதுவேன் டீச்சர். நீ டியூப்லேருந்து அப்படியே எடுத்து வெச்சிருக்கே. ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா ரெண்டும் ரெண்டு கருப்பு."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ கதவைச் சாத்திட்டுப் பூனை மாதிரி நடந்து போவே. கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். நீ முடிச்சு பிரஷ்ஷ கழுவற சத்தம் வந்தப்புறம்தான் எழுந்திருப்பேன். நாலு மாசமா மத்தியானம் ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு."

சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. எனக்காக அவர் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார், அவருக்காக நான் பூனை மாதிரி நடந்திருக்கிறேன். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"நீ திருத்தினது எனக்கு வருத்தம் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் எழுதினேன். அவன் என் எழுத்தைப் பத்தி ஒரு நாள்கூட ஒண்ணும் சொன்னதில்ல. மொத தடவையா நல்லா இருக்குன்னான். அது என் எழுத்து இல்ல."

அன்றைக்கு ராத்திரி தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகளின் நோட்டில் இப்படி என் கோட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருக்கிறேனோ என்றெல்லாம் யோசனை ஓடியது.

மறுநாள் அவர் கோயில் பக்கம் நடக்கப் போன சமயம் ஒன்பது வண்டிகளையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். நான் செய்ததை நானே அழித்துவிடுவது என்று முடிவு. அலமாரியில் இருந்த, பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து ஏழாம் நம்பர் காரின் கதவில் அழுத்தித் தேய்த்தேன். என் கருப்பு போனது. அவருடைய கருப்பும் போனது. கூடவே கதவின் துருவும், அதற்கடியில் இருந்த மஞ்சளும், சாம்பல் பிரைமரும் வழுக்கிக்கொண்டு வந்து வெறும் தகடு பல்லைக் காட்டியது. பயத்தில் இன்னும் தேய்த்தேன். கூரையும் போனது. அடுத்த வண்டியை எடுத்தேன். அழுதுகொண்டே தேய்த்தால் எவ்வளவு தேய்க்கிறோம் என்று தெரியாது. மூன்றாவது வண்டியில் இருக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஐயையோ! தின்னரா? யாராவது தின்னரத் தொடுவாங்களா? கீழ வை! மொதல்ல அந்தப் பஞ்சக் கீழ வை!"

வீட்டில் அப்படி அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. என் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடிப் பிளாஸ்டிக் கூடப் புகைஞ்சு போச்சு பாரு. அறிவு இருக்கா உனக்கு?" நல்ல வேளை திட்டினார். திட்டிக்கொண்டே அலமாரியைத் திறந்தார். திட்டிக்கொண்டே டப்பாவை இறக்கினார். காகிதத்தைப் பிரித்து, பிரஷ்ஷில் இருந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவும்போதுதான் வாய் நின்றது. நான் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். வண்டி கெட்டுப்போனால் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் முதல் வாரமே கெடுத்திருப்பேன்.

மூன்று வண்டிகளையும் தேற்ற ஒன்பது நாள் ஆயிற்று. பிரைமர், மஞ்சள், ஸ்பாஞ்சால் துரு. ஒற்றுகிற வேலைக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் நம்பர். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். "கையக் கட்டிக்க" என்றார். கட்டிக்கொண்டேன். கருப்பில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் குழைத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் வராததை நாலு இழுப்பில் எழுதினார். ஏழின் தலை அலைந்தது. கால் இரண்டு இடத்தில் நெளிந்து இறங்கியது. என் விரல்கள் அரித்தன. உண்மையாகவே அரித்தன. நான் கட்டின கையை அவிழ்க்கவில்லை. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. போர்வை விரித்தாயிற்று, பையன் திரையில் வந்தான். "தலைவலி போச்சாப்பா?" என்றான். இவர் ஏழாம் நம்பர் காரை எடுத்து போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"போன தடவ நல்லா இருக்குன்னியே, அது உங்கம்மா எழுத்துடா. இதுதான் என்னுது."

தூக்கிப் பிடித்தால் நடுக்கம் அதிகம். வண்டி திரையில் ஆடியது. அவனுக்கு அங்கே நம்பர் தெரிந்திருக்காது, கைதான் தெரிந்திருக்கும். நான் பிடித்துக்கொள்ள எழுந்தேன். அவர் தோளைத் திருப்பி என்னைத் தடுத்தார்.

"மேஜை மேல வைங்கப்பா. தெரியுது" என்றான் அவன்.

வைத்தார். எப்போதிலிருந்து இந்த நடுக்கம் என்று கேட்டான். சொன்னார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். அதையும் சொன்னார். "கிளம்பி வராதே" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். அவன் முகத்தைத் திரைக்கு ரொம்பக் கிட்டக் கொண்டுவந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழாங்கிளாஸ்ல என் நோட்டு அட்டைக்கெல்லாம் நீங்கதானப்பா நம்பர் போட்டீங்க. அதே ஏழு. கிளாஸ்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்ப்பாங்க. எங்கப்பா எழுதினதுன்னு சொல்லிட்டுத் திரிவேன். அந்த அட்டைல ஒண்ணு இங்ககூட வெச்சிருக்கேன்."

இவர் போனை நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லயேடா."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்ப்பா" என்றான்.